கொம்பு ஊதிய பிறகு

அக்காவுக்குப் பின்னால் போய் நின்று பேசக் கூடாது. லண்டன் குட்மேய்ஸில் அவர்கள் வீட்டு மாடி அறைக்கு நான் வாடகைக்கு வந்த முதல் வாரத்திலேயே இதைத் தெரிந்துகொண்டேன். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வெறுங்காலோடு உள்ளே போன நான், "அக்கா, கொஞ்சம் பால் எடுத்துக்கிறேன்" என்றேன். தட்டு தரையில் விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. பார்த்தால் அக்கா மேசைக்கு அடியில் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் அவ்வளவு வேகமாக மேசைக்கு அடியில் போக முடியும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்.

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. இனி வரேக்க ஒருக்கா இருமிப்போட்டு வாங்கோ."

அவர் கணவருக்குக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை. பெரிய உடம்பு, பெரிய குரல். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அன்று மாலை உடைந்த தட்டைக் குப்பையில் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "பிள்ளை, இவவுக்குத் தன்ர நிழலுக்கும் பயம். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

எந்தச் சத்தம் கேட்டாலும் அக்கா ஒரே கேள்விதான் கேட்பார். "எங்கயிருந்து வருது?" என்ன சத்தம் என்று கேட்க மாட்டார். குப்பை லாரி, பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் துளை போடுவது, கதவு இடுக்கு வழியாகக் கடிதம் விழுவது, எதுவானாலும் திசை தெரிய வேண்டும். திசை தெரிந்ததும் தோள் இறங்கும். பஸ்ஸில் கடைசி வரிசையில்தான் உட்காருவார். லூயிஷாம் சிவன் கோவிலுக்குத் திருவிழாவுக்குப் போனபோதும், மேளம் தொடங்குவதற்கு முன்னாலேயே வாசலை ஒட்டிய சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். சாமி எங்களைத் தாண்டிப் போகும்போதும் அந்தச் சுவரை விட்டு விலகவில்லை.

பயம் தொற்றும். நான் திருநெல்வேலியில் ஆறு பேர் கத்திக்கொண்டே இருக்கிற வீட்டில் வளர்ந்தவள். சத்தத்துக்குப் பயந்ததே இல்லை. அந்த வீட்டுக்கு வந்த பிறகு, ஆபீசில்கூடக் கதவைப் பார்த்தபடி இருக்கும் நாற்காலியாகத் தேட ஆரம்பித்தேன்.

நவம்பர் மாதம் வந்தது. இங்கிலாந்தில் அந்த மாதம் முதல் வாரம் முழுக்க வாணவேடிக்கை. எங்கள் தெருவில் தீபாவளிக்கு வாங்கி மிஞ்சியதையும் சேர்த்துக் கொளுத்துவார்கள். வேலை முடிந்து நான் வந்தபோது வீட்டில் விளக்கு எரிந்தது. அக்காவைக் காணவில்லை. கூப்பிட்டேன். மாடிப்படிக்குக் கீழே துடைப்பமும் வாக்யூம் கிளீனரும் வைக்கிற சின்ன அறையிலிருந்து, "இஞ்ச" என்று குரல் வந்தது. கதவைத் திறந்தால், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் அவர் தோள் என் தோளில் இடித்தது.

"பட்டாசுதான் அக்கா."

"ஓம், தெரியும். வெடிக்குப் பயமில்லைப் பிள்ளை. எப்ப நிக்கும் எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். அதுதான்."

இப்படிப்பட்ட மனுஷிதான் குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில், துப்பாக்கி சுடுகிற இடத்துக்கு விரும்பிப் போய்வந்தார்.

எனக்கு இது தெரிய ஒரு மாதமாயிற்று. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அண்ணா, "நாளைக்கு இவவுக்குப் பீட்டர் வேலை" என்பார். பீட்டர் என்று யாரோ ஒருவர் வீட்டில் சமையலோ துப்புரவோ செய்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் தோட்டத்துக் கொட்டகைக்கு விளக்குமாறு எடுக்கப் போனேன். உத்தரத்தில் கட்டிய கயிற்றில் இரண்டு பறவைகள் கழுத்தில் சுருக்கு மாட்டித் தொங்கின. ஒன்று சேவல். செம்பு நிற உடம்பு, கழுத்தில் வெள்ளை வளையம், முகத்தில் ரத்தச் சிவப்பு, கை நீளத்துக்கு வால். அரைக்கண் திறந்திருந்தது. நான் போட்ட கத்தலில் அக்காதான் ஓடிவந்தார். அவரிடம் அன்று பயமே இல்லை.

"செத்தது ஒண்டும் செய்யாது பிள்ளை. ஃபெசண்ட். இங்கத்தைக் காட்டுக்கோழி."

பிறகுதான் விவரம் சொன்னார். அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஜூலி என்றொரு பெண் கூட வேலை செய்கிறார். ஜூலியின் கணவர், ரொம்ஃபோர்ட் தாண்டி, எம்25 சாலைக்கும் அப்பால் ஒரு பெரிய பண்ணையில் பறவைக் காவலர். ஃபெசண்ட் குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விடுவதும், குளிர்காலத்தில் பணம் கட்டி வருகிறவர்களுக்கு வேட்டை நடத்துவதும் அவர் வேலை. வேட்டைக்காரர்கள் காட்டுக்கு வெளியே வரிசையாகத் துப்பாக்கியோடு நிற்பார்கள். இன்னொரு கூட்டம் காட்டுக்குள் கம்பால் தட்டித் தட்டி நடந்து பறவைகளை அவர்கள் பக்கம் கிளப்பிவிடும். இப்படிக் கிளப்புகிறவருக்கு இங்கிலீஷில் பீட்டர். பேச்சுவாக்கில் ஜூலி ஒருமுறை அழைக்க, அக்கா போயிருக்கிறார். அதற்குப் பிறகு விடவே இல்லை.

அன்று இரவு அதைக் கறி வைத்தார். வறுத்த தூள் போட்டு, தேங்காய்ப்பால் குறைத்து. "மெல்ல மெல்லச் சப்பிச் சாப்பிடுங்கோ, சன்னம் இருக்கும்" என்றார். அண்ணா வாயிலிருந்து ஒரு ஈயக் குண்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் போட்டார். டிங் என்றது. அதற்குமேல் எனக்கு இறங்கவில்லை.

இன்னொரு சனிக்கிழமை, தோட்டத்தில் முக்காலியில் உட்கார்ந்து இறகு பிடுங்கிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"பட்டாசுக்கே ஒளிஞ்சுக்கிறீங்க. அங்க மட்டும் எப்படிக்கா போறீங்க?"

கையை நிறுத்தாமல் சொன்னார். "அங்க கொம்பு ஊதித்தான் சுடத் துடங்குவினம். எங்கயிருந்து வெடி வரும் எண்டு முதலே தெரியும். திரும்ப ஊதினா நிப்பாட்டுவினம். பேந்து ஒரு வெடி வராது. ஒண்டும் வராது பிள்ளை." இறகு காற்றில் பறந்தது. "அந்த ரெண்டாவது ஊதலைக் கேக்கத்தான் நான் போறன். அப்பிடி ஒரு இடம் உலகத்தில இருக்கு எண்டு எனக்கு முந்தித் தெரியாது."

அவர் இலங்கையில் வன்னியிலிருந்து வந்தவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். போர் முடிந்து சில வருடம் கழித்து லண்டன் வந்து அண்ணாவைக் கல்யாணம் செய்தவர். அங்கே நடந்ததைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அண்ணாவும் கேட்டதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜனவரியில் ஒரு வாரம் ஜூலிக்குக் காய்ச்சல். ஆள் போதாது என்று அக்கா என்னைக் கூப்பிட்டார். எனக்கு மனமே இல்லை. ஆனால் அவர் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை, அதனால் போனேன்.

வண்டியை விட்டு இறங்கியதும் சேறு பூட்ஸை இழுத்தது. ஓய்வுபெற்ற ஆட்கள், ஒரு தபால்காரர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர், நாங்கள் இருவர். எல்லார் கையிலும் ஒரு கம்பு. கம்பு நுனியில் கொடியாகக் கட்டிய பழைய தீவனப் பை. கொஞ்சம் தள்ளி, பச்சைக் கோட்டு போட்ட துப்பாக்கிக்காரர்கள் காபி குடித்துக்கொண்டு நின்றார்கள். பறவைக் காவலரான ஜூலியின் கணவர் ஒல்லியான மனிதர், குரல் தணிந்தது. அன்று வந்திருந்த விருந்தாளிகளுக்கு விதி சொன்னார். பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டுமே சுடலாம். தாழப் பறந்தால் சுடக் கூடாது. இரண்டாவது கொம்புக்குப் பிறகு யாரும் சுடக் கூடாது. சாம்பல் கவுதாரியை எப்போதும் சுடக் கூடாது.

கடைசி விதியைக் கேட்டதும் அக்கா என் கையைத் தொட்டார். வேட்டை தொடங்க இன்னும் நேரம் இருந்தது. வயல் ஓரமாக என்னைக் கூட்டிப்போனார். இரண்டு வயல்களுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்கு மண் அணைத்து, அதன்மேல் கட்டைப்புல்லை அப்படியே வளரவிட்டிருந்தார்கள். பக்கத்தில் தினையும் வேறு என்னவோ செடிகளும் அறுக்காமல் காய்ந்து நின்றன. அங்கங்கே கால் வைத்த நீலப் பீப்பாய்கள். அடியில் கீறல் போட்டு, கொத்தக் கொத்தக் கோதுமை உதிரும்படி செய்திருந்தார்கள். ஒருகாலத்தில் இந்தப் பக்கம் நிறைய இருந்த கவுதாரிகள், வேலியும் புல்லும் போய் மருந்தடித்துப் பூச்சியும் போனதால் அநேகமாக அழிந்துவிட்டன என்றும், இந்தக் கரைகளை ஜூலியின் கணவர் அவற்றுக்காகவே போட்டார் என்றும் அக்கா சொன்னார். வேட்டைக்கு வருகிறவர்கள் கட்டும் பணத்தில்தான் இவையெல்லாம் நடக்கின்றன. தை மாசிப் பசிக்காலத்தில் பீப்பாய்களை நிரப்ப அக்காவும் வருவாராம்.

"அங்க பாருங்கோ."

எனக்கு மண்கட்டிகள்தான் தெரிந்தன. ஒரு கட்டி கழுத்தை அசைத்தபோதுதான் கண் பிடிபட்டது. உருண்டையான பறவைகள், முகம் மட்டும் செங்கல் நிறம்.

"படுக்கேக்க வட்டமாப் படுக்குங்கள் பிள்ளை. வால் எல்லாம் உள்ளுக்க, தலை எல்லாம் வெளியால. எல்லாத் திசையையும் ஆராவது ஒராள் பாத்துக்கொண்டிருக்கும். அப்பதான் மற்றதுகளுக்கு நித்திரை வரும்." அக்கா சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

காட்டுக்குள் வரிசையாக நின்றோம். கொம்பு ஊதியது. தட்டிக்கொண்டே நடந்தோம். முதல் ஃபெசண்ட் என் காலடியிலிருந்தே கிளம்பியது. தகர டப்பாவை யாரோ உலுக்கி எறிந்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் முன்னாலிருந்து வெடி. ஒன்று, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக. இலைகளுக்கு மேலே ஈயக் குண்டுகள் மழைத்துளி மாதிரி உதிர்ந்தன. எல்லாம் விதிப்படிதான் நடக்கிறது, எங்களைப் பார்த்து யாரும் சுடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடம்பு கேட்கவில்லை. பக்கத்தில் அக்கா நிமிர்ந்து நடந்தார், சந்தைக்குப் போகிறவர் மாதிரி.

மரங்கள் முடிந்து வேலி ஓரம் வந்தபோது இரண்டாவது கொம்பு ஊதியது. வெடி நின்றது. அக்கா கண்ணை மூடி மூச்சை விட்டார். நானும் விட்டேன். கம்பைத் தாழ்த்தினோம்.

அப்போது அந்தக் கரையிலிருந்து ஒரு கவுதாரி கிளம்பி, வேலியை ஒட்டித் தாழ, எங்கள் பக்கமாகப் பறந்தது. இடது கோடியில் வயலின் வாயிற்கதவருகே நின்ற ஒருவர் துப்பாக்கியைத் திருப்புவதைப் பார்த்தேன். பார்த்ததை என் மூளை நம்புவதற்குள் வெடித்துவிட்டது.

என் முகம் சேற்றில் இருந்தது. அக்காவின் கை என் பின்தலையை அழுத்திக்கொண்டிருந்தது. மூச்சுவிட முகத்தைத் திருப்பியபோது அவர் கோட்டின் தோள்பட்டையில் பஞ்சு பிய்ந்து நின்றதும், அது சிவந்துகொண்டே வந்ததும் தெரிந்தது. காவலர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். யாரோ அந்த ஆளின் துப்பாக்கியைப் பிடுங்கினார்கள். முடிந்துவிட்டது, எழுந்திருக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அக்கா என் தலையை விடவில்லை.

"எழும்பாதேங்கோ. இன்னும் வரும்."

"அக்கா, ரத்தம் வருதுக்கா. விடுங்க."

"இன்னும் வரும் பிள்ளை. தலையைத் தூக்காதேங்கோ."

காவலர் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி மண்டியிட்டார். தொப்பியைக் கழற்றிவிட்டு, கிட்டே வராமல், மெதுவாக அக்காவின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து என் தலையிலிருந்த கை தளர்ந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஊதினவைதானே? நீங்களும் கேட்டனீங்கள்தானே?"

"ஆமாக்கா. கேட்டேன்."

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தூரத்திலிருந்து பட்டதால் குண்டுகள் தோலுக்குக் கீழே தங்கிவிட்டன, உயிருக்கு ஒன்றுமில்லை என்றார் இளம் டாக்டர். அண்ணா கடையில் போட்டிருந்த ஏப்ரனோடே வந்து நின்றார். டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மேல்கையிலும் தோளிலும் சின்னச் சின்ன வட்டப் புள்ளிகள். அவற்றுக்குப் பின்னால், தோள்பட்டை எலும்பை ஒட்டி, வேறு சில. வட்டமில்லை. உடைந்த ஓட்டுத்துண்டு மாதிரி மூலை மூலையாக.

வட்டமானவை இன்றைக்குப் பட்டவை, மற்றவை என்ன என்று டாக்டர் கேட்டார்.

அக்கா இங்கிலீஷில் சொன்னார். "ஓல்ட். லீவ் இட்."

அண்ணா திரைக்குக் கிட்டப் போனார். "என்ன இது? எப்பத்தையப் பழசு? அந்தத் தழும்பு முள்ளுக்கம்பி கிழிச்சது எண்டெல்லே என்னட்டைச் சொன்னனீர்?"

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணா மறுபடி கேட்கவில்லை. அதன்பிறகு அந்த வீட்டில் நிழலுக்கும் பயம் என்ற அந்தக் கேலியை நான் கேட்கவே இல்லை.

அடுத்து வந்த நாட்கள்தான் உண்மையிலேயே பயமானவை. அக்கா வேலைக்குப் போகவில்லை. முன் கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதை விட்டுவிட்டார். எல்லாத் திசையும் ஒன்றாகிவிட்ட மாதிரி, கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டபோது எரிச்சல்பட்டிருக்கிறேன். கேட்காதபோது என் அறைக்குப் போகவே பயமாக இருந்தது.

ஜூலியும் கணவரும் வந்தார்கள். ஜூலி வந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்தார். காவலர் சமையலறை மேசையில் கையைக் கோத்து உட்கார்ந்து, சொல்ல வந்ததைச் சொன்னார். துப்பாக்கிக் காயம் என்பதால் ஆஸ்பத்திரி போலீசுக்குச் சொல்லிவிட்டது, போலீஸ் வரும். சுட்டவர் தான் இரண்டாவது கொம்பைக் கேட்கவில்லை என்கிறார். அக்கா வரிசையை விட்டு முன்னால் வந்துவிட்டார் என்றும் சொல்கிறார். அவர் நிலச்சொந்தக்காரரின் நண்பர்.

"நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்லும்படி கேட்க நான் வரவில்லை" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழக்கானால் நிலச்சொந்தக்காரர் வேட்டையை நிறுத்திவிடுவார். வேட்டை இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. நான் இல்லையென்றால் அந்தக் கரைகளை உழுதுவிடுவார்கள்."

அக்கா கேட்டார். "கவுதாரி?"

காவலர் மேசையைப் பார்த்தார். அவருக்கும் பயமாக இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோத்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

போலீஸ் ஒரு காலையில் வந்தது. ஒரு பெண், ஒரு ஆண், இருவரும் மரியாதையாகவே பேசினார்கள். நான் அவர்களைக் கூடத்தில் அண்ணாவோடு உட்காரவைத்துவிட்டு மேலே போய்ச் சொன்னேன். அக்கா வர நேரமெடுத்தது. மாடிப்படியில் காலடி கேட்டு எல்லாரும் நிமிர்ந்தோம். கோட்டுப் போட்டு, ஷூ போட்டு, ஒரு சின்னப் பையோடு இறங்கிவந்தார். பையின் வாய் வழியாக ஒரு துண்டும் மருந்துப் பெட்டியும் தெரிந்தன. கையில் பாஸ்போர்ட். அண்ணாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான் ரெடி. போவம் எண்டு சொல்லுங்கோ."

அந்தப் பெண் போலீஸ்காரருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் எழுந்து நின்று, உங்களைக் கூட்டிப்போக வரவில்லை, உங்களிடம் கேட்கத்தான் வந்தோம் என்றார். அக்கா நம்பவில்லை. கோட்டைக் கழற்றவும் இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். பையின் பிடியில் இருந்த உலோக வளையம் கிலுங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் சொன்னார். நான் மொழிபெயர்க்கத் தயாராக இருந்தேன், தேவைப்படவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். கொம்பு ஊதிவிட்டது. எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் வேலியோரம்தான் நின்றோம். வெடி இடது பக்கம் வாயிற்கதவிலிருந்து வந்தது. பறவை தாழப் பறந்தது. அது கவுதாரி.

வரிசையை விட்டு முன்னால் வந்தீர்களா என்று அவர்கள் கேட்டார்கள். "நோ" என்றார். என்னையும் கேட்டார்கள். நானும் பார்த்ததைச் சொன்னேன்.

அவர்கள் போன பிறகும் அக்கா கோட்டோடே உட்கார்ந்திருந்தார். அண்ணா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். வருவதற்கு முன் வாசலில் நின்று இருமினார்.

நான் கேட்டேன். "அந்தக் கரையெல்லாம் போயிடுமேக்கா. தெரிஞ்சுதானே சொன்னீங்க?"

"ஓம். தெரியும்." தேத்தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "நிப்பாட்டச் சொன்னாப் பிறகும் சுட்டது பிழை எண்டு ஒருக்கால் எண்டாலும் ஆராவது எழுதட்டும் பிள்ளை. முந்தி ஒருத்தரும் எழுதேல்ல."

சுட்டவரின் துப்பாக்கி லைசென்ஸைப் பறித்தார்கள். பறவைக் காவலர் சொன்னபடியே மற்றதும் நடந்தது. நிலச்சொந்தக்காரர் வேட்டையை நிறுத்தினார். ஜூலியின் கணவர் மரக்கிடங்கு ஒன்றில் வேலைக்குப் போனார். வசந்தத்துக்கு முன்னாலேயே தினைப் பட்டையும் கரைகளும் உழவில் போயின. ஓடையை ஒட்டிய ஒரு கரை மட்டும், டிராக்டர் திரும்ப இடமில்லாததால், தப்பியது. ஜூலி பள்ளிக்கூடத்தில் அக்காவிடம் பேச முயன்றார். அக்காதான் ஒதுங்கினார். தன்னால் அவர்கள் வாழ்வு போயிற்று, அவர்கள் தன்னை வெறுப்பார்கள் என்று பயந்தார். ஒருநாள் ஜூலியின் கணவர் வந்து மணி அடித்தபோதும் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த குளிர்காலத்தில் ஒரு காலை, வாசற்படியில் ஒரு பெரிய சாக்குப்பை கிடந்தது. வாய் கட்டியிருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. அக்கா எங்கள் இருவர் கையையும் பிடித்து இழுத்துப் பின்பக்கத் தோட்டத்துக்கே கொண்டுபோய்விட்டார். உதடு வெளுத்துவிட்டது. அண்ணா கையை விடுவித்துக்கொண்டு சுற்றிப் போனார். "தொடாதேங்கோ! இஞ்சாருங்கோ, தொடாதேங்கோ!" என்று அக்கா கத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நான் வேலி இடுக்கு வழியாகப் பார்த்தேன். அந்தப் பெரிய மனிதர் பைக்கு முன் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளங்கையை இரண்டு முறை சட்டையில் துடைத்தார். பிறகு குனிந்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்தார்.

"கோதுமை" என்றார். "ஒண்டுமில்லை. கோதுமை."

பைக்குள் ஜூலி எழுதிய ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. ஓடைக் கரையில் ஒரு சோடி இருக்கிறது, சனிக்கிழமை வருவீர்களா என்று.

அந்த மாதக் கடைசியில் எனக்கு வேலை மாறி, நான் ரெய்னர்ஸ் லேன் பக்கம் குடிபோனேன். அவர்களோடு அந்த வயலுக்குப் போனது அதற்குப் பிறகு ஒரே ஒருமுறைதான், ஒரு மாசிச் சனிக்கிழமை. அண்ணா கடை வேனை ஓட்டிவந்தார். அவர் ஒவ்வொரு வாரமும் அக்காவைக் கொண்டுவந்து விடுவதாகவும், ஆனால் வேனை விட்டு இறங்கவே மாட்டார் என்றும் ஜூலி என் காதில் சொன்னார். ஜன்னலை இறக்கிவிட்டு, அக்கா திரும்பும்வரை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருப்பாராம்.

அன்று அக்காவின் தோள் வலித்தது. குளிருக்கு அப்படி ஆகும். அண்ணா வேனை விட்டு இறங்கி, கோதுமைச் சாக்கைத் தோளில் தூக்கினார்.

உழுத வயல் பழுப்பாகக் கிடந்தது. ஓடையோரம் அந்த ஒரு கரையில் மட்டும் புல். இருவரும் முன்னால் போனார்கள். நானும் ஜூலியின் கணவரும் பின்னால் ஒரு பீப்பாயின் காலை நிமிர்த்திக்கொண்டிருந்தோம். நிமிர்ந்து பார்த்தபோது அவர்கள் நடுவழியில் நின்றிருந்தார்கள். அக்கா பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் கை ஒருமுறை வானத்தைக் காட்டியது. பிறகு தரையை, படுத்திருக்கிற ஆட்களைக் காட்டுகிற மாதிரி, இங்கே, இங்கே, இங்கே என்று. பிறகு அந்தக் கை தன் தோளுக்குப் பின்னால் போய் நின்றது.

அண்ணாவின் தோளிலிருந்து சாக்கு நழுவியது. அவர் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா நிறுத்தவில்லை. வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜூலியின் கணவர் ஓடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பேச்சு முடிந்ததும் அக்கா சாக்கைத் தரையோடு இழுத்துப் போய், குவளை குவளையாக மொண்டு, தானே பீப்பாயை நிரப்பினார்.

நாங்கள் கிட்டப் போனபோதும் அண்ணா எழுந்திருக்கவில்லை. முழங்கால்வரை சேறு. எங்களைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார். கடை முழுக்கக் கேட்கும் அந்தக் குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார்.

அக்கா "ஓம்" என்றார். சுகமான கையை அவருக்கு நீட்டினார்.

"எழும்புங்கோ. அங்கால இன்னொரு பீப்பாய் கிடக்கு."